கோவை நேரு விளையாட்டரங்கமும் அங்கு ஆடிய கால்பந்து அணிகளும்

கோவை நேரு விளையாட்டரங்கம் கோயம்புத்தூர் நகரின் நடுப்பகுதியில், வ.உ.சி. பூங்காவை அடுத்து அமைந்துள்ள பொது விளையாட்டரங்கம் ஆகும். 1971-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வரங்கம் ஏறத்தாழ 30,000 பேர் அமர்ந்து பார்க்கக்கூடியது. இது கோவை மாநகராட்சிக்குச் சொந்தமானது. மக்கள் பேச்சில் இதற்கு 'நேரு ஸ்டேடியம்' என்றே பெயர். 2019-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று, இந்தியாவின் தேசியக் கால்பந்துத் தொடர்களில் ஒன்றான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் இங்குதான் வென்றது. ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை. பட்டம் வென்ற அணி மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் தேசியத் தொடரிலிருந்தே மறைந்துவிட்டது. அரங்கம் இன்றும் இருக்கிறது. ஓர் அரங்கம் நிலைத்திருக்க, அதில் ஆடிய அணி மட்டும் மறைந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

பெயர் பற்றிய குறிப்பு

இந்தியாவில் நேருவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கங்கள் பல உள்ளன. புது தில்லி, சென்னை, கொச்சி, குவாகாத்தி, ஷில்லாங், கோவாவின் மட்காவ் ஆகிய ஊர்களிலும் இதே பெயரில் அரங்கங்கள் உண்டு. சென்னையில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் 1993-இல் கட்டப்பட்டது. அது சென்னையின் எஃப்.சி. அணியின் தாயக அரங்கம். கோவை அரங்கம் அதற்கு 22 ஆண்டுகள் மூத்தது. அணிகளின் பெயர்களிலும் இத்தகைய குழப்பம் உண்டு. 'சென்னையின் எஃப்.சி.' இந்தியன் சூப்பர் லீக் தொடரில் ஆடும் அணி. 'சென்னை சிட்டி எஃப்.சி.' ஐ-லீக் தொடரில் ஆடிய வேறோர் அணி. பெயரில் சென்னை இருந்தாலும் இந்த இரண்டாம் அணியின் பெருமைமிக்க காலம் கோவையில்தான் கழிந்தது.

ஆலை நகரமும் மைதானமும்

கோயம்புத்தூர் ஆலைகளால் வளர்ந்த நகரம். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை இங்கு முதல் ஆலையாகக் கருதப்படுகிறது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியதும் மலிவான மின்சாரம் கிடைத்தது. நூற்பாலைகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. ஆலை வேலைக்காகச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெருந்திரளான மக்கள் நகரில் குடியேறினர். வேலைநேரம் முடிந்தபின் விளையாடவும் பார்க்கவும் இடம் தேவைப்பட்டது.

பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு பந்தை வைத்து இருபத்திரண்டு பேர் ஆடலாம் என்பதால் கால்பந்து தொழிலாளர் ஊர்களில் எளிதாகப் பரவும் விளையாட்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்திலும் இதுவே நடந்தது. பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் பகுதியின் ஊர்கள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமக்கெனக் கால்பந்துக் கழகங்களை அமைத்துக்கொண்டன. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கோவையை அழைப்பது வழக்கம். ஆனால் ஆலைகளில் மான்செஸ்டரை ஒத்த கோவை, கழகங்களில் அதை ஒக்கவில்லை. அதற்கான காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

நேரு விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட 1971-இல் கோவை நகராட்சியாகவே இருந்தது, மாநகராட்சியானது 1981-இல்தான். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டமும் இன்றைய மாவட்டத்தைவிடப் பலமடங்கு பெரியது. 1979-இல் அதிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுவே பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2009-இல் கோவை, ஈரோடு ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் பகுதிகள் பிரிக்கப்பட்டுத் திருப்பூர் மாவட்டம் அமைந்தது. இதற்கு வெள்ளகோவில் நல்ல எடுத்துக்காட்டு. இவ்வூர் முதலில் கோவை மாவட்டத்திலும், பிறகு ஈரோடு மாவட்டத்திலும் இருந்து, இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அரங்கம் திறக்கப்பட்ட நாளில் பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதி மக்களுக்கும் அதுவே மாவட்டத் தலைநகரின் அரங்கமாக இருந்தது. கரூரிலிருந்து வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் வழியாகக் கோவை செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர்களை அந்நகரத்துடன் இன்றும் இணைக்கிறது.

அரங்கத்தின் அமைப்பு

நேரு விளையாட்டரங்கம் கால்பந்துக்கு மட்டும் கட்டப்பட்டது அன்று. நடுவில் புல்தரையும் அதைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதையும் உள்ளன. ஓடுபாதை இப்போது செயற்கை இழையால் ஆனது. தடகள வீரர்களும் கால்பந்து வீரர்களும் ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். அரங்கத்தின் வெளிச்சுற்றில், பார்வையாளர் படிக்கட்டுகளின் கீழ், கடைகள் இயங்குகின்றன. இந்திய நகரங்களின் பொது அரங்கங்கள் பலவற்றில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். விளையாட்டு நடக்காத நாட்களிலும் கடை வாடகை மூலம் வருவாய் கிடைக்கும்.

ஓடுபாதை சூழ்ந்த அரங்கத்தில் கால்பந்து பார்ப்பதற்கும், கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கத்தில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. இதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். தரப்படுத்தப்பட்ட 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். எனவே உள்ளிருக்கும் திடலின் அகலம் 73 மீட்டர், நீளம் ஏறத்தாழ 157 மீட்டர். பன்னாட்டுப் போட்டிக்கான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. களத்தை நடுவில் அமைத்தால் பக்கவாட்டில் 2.5 மீட்டரும், கோல் கம்பங்களுக்குப் பின்னால் 26 மீட்டரும் மிச்சமிருக்கும். ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலமுள்ள எட்டு ஓட்டப்பாதைகளுக்கு ஏறத்தாழ 10 மீட்டரைக் கூட்ட வேண்டும். ஆக, பக்கவாட்டில் அமர்ந்திருப்பவர் களத்திலிருந்து 12 மீட்டருக்கு அப்பாலும், கோலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் 36 மீட்டருக்கு அப்பாலும் இருப்பார். கால்பந்துக்கெனக் கட்டிய ஐரோப்பிய அரங்கங்களில் இத்தொலைவு சில மீட்டர்தான். ஆனால் அரசுப் பணத்தில் கட்டப்படும் அரங்கம் ஒரே விளையாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. ஒரு மாவட்டத்தின் பள்ளி மாணவர் அனைவருக்கும் ஓடவும் தாண்டவும் எறியவும் இடம் தரவேண்டிய கடமை அதற்கு உண்டு.

தேசியப் போட்டிகள் வந்த காலம்

இந்தியக் கால்பந்தில் நீண்ட காலம் இரு வகைப் போட்டிகள் முதன்மையாக இருந்தன. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. இன்றைய வங்கதேசத்தில் உள்ள சந்தோஷ் என்னும் சமஸ்தானத்தின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கழக அணிகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை 1977-இல் தொடங்கியது. இவை ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் நடத்தப்பட்டன. ஆகவே பெரிய அணி இல்லாத நகரத்துக்கும் அரங்கம் இருந்தால் நாட்டின் சிறந்த வீரர்களை நேரில் காணும் வாய்ப்பு கிடைத்தது.

ஃபெடரேஷன் கோப்பையின் முதல் தொடர் எர்ணாகுளத்தில் நடந்தது. அதில் பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணி மோகன் பகானை வென்றது. இரண்டாவது தொடர் 1978-இல் கோயம்புத்தூரில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் கொல்கத்தாவின் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் சந்தித்தன. வெற்றி தோல்வி தீர்மானமாகாததால் இரு அணிகளும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன.

1991–92 பருவத்தின் சந்தோஷ் கோப்பையும் கோவையில் நடந்தது. கேரள அணி இறுதியாட்டத்தில் கோவாவை 3–0 என வென்றது. கேரளம் அதற்கு முன்பு 1973-இல் கொச்சியில் ரயில்வே அணியை வென்று முதல் முறையாகக் கோப்பையைப் பெற்றிருந்தது. இரண்டாவது கோப்பைக்கு அது 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் உள்ள கோவை, மலையாளக் கால்பந்து விரும்பிகளுக்கு அண்டை வீடு போன்றது. அணித்தலைவர் வி.பி. சத்யன் இந்திய அணிக்கும் தலைமை தாங்கியவர். கேரளக் காவல்துறை அணியில் புகழ்பெற்ற அவர் பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியாற்றினார். 2006-இல் மறைந்தார். அவர் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 2018-இல் 'கேப்டன்' என்னும் மலையாளத் திரைப்படம் வெளிவந்தது.

நிறுவன அணிகளும் அவற்றின் முடிவும்

ஐ.டி.ஐ., கேரளக் காவல்துறை, இந்தியன் வங்கி, ரயில்வே ஆகிய பெயர்கள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. இந்தியக் கால்பந்தைப் பல பத்தாண்டுகள் தாங்கியவை நிறுவன அணிகளே. வீரருக்கு ஆட்டத்துக்கான ஊதியம் கிடையாது; ஆனால் வேலை உண்டு. காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம் என்ற ஏற்பாடு. முப்பது வயதுக்கு மேல் ஆட முடியாமல் போனாலும் ஓய்வு பெறும் வரை சம்பளம் வரும். பின்னர் ஓய்வூதியமும் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் பந்தை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்க இதுவே துணிவு தந்தது.

1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது சென்னையின் இந்தியன் வங்கி அணியும் அதில் இடம்பெற்றது. ஆனால் பொருளாதாரச் சூழல் மாறிக்கொண்டிருந்தது. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது குறைந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தொழில்முறைக் கழகங்களையே வலியுறுத்தியது. 2007-இல் தேசிய லீக் 'ஐ-லீக்' ஆக மாற்றப்பட்டது. 2014-இல் நகரங்களின் பெயரில் முதலீட்டாளர்கள் நடத்தும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. நிறுவன அணிகளின் காலம் ஏறக்குறைய முடிந்தது. அவை விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, தனியார் உரிமையிலான கழகங்கள் வந்தன. சென்னை சிட்டி அவற்றுள் ஒன்று.

கோவைக்கு வந்த சென்னை அணி

சென்னை லீக் போட்டிகளில் ஆடிவந்த சென்னை சிட்டி, 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. பஞ்சாபின் மினர்வா அணியும் அதே ஆண்டில்தான் நுழைந்தது. முதல் பருவத்தில் சென்னை சிட்டி எட்டாம் இடம் பெற்றது. அதன் பிறகு தாயக ஆட்டங்களுக்குக் கோவை நேரு விளையாட்டரங்கைத் தேர்ந்தெடுத்தது. சென்னையிலிருந்து கோவை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சென்னையில் ஏற்கெனவே வேறோர் அணி இருந்தது. கொங்கு மண்டலத்திலோ தேசிய லீக்கில் ஆடும் அணியே இல்லை. 2017–18 பருவத்திலும் சென்னை சிட்டி எட்டாம் இடத்திலேயே முடிந்தது. அடுத்த ஆண்டு இந்த அணி பட்டம் வெல்லும் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலரே.

2018–19 பருவத்துக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த வீரர்கள் சிலர் அழைத்துவரப்பட்டனர். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி முன்கள வீரர். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ் ஆகியோர் நடுக்களத்தில் ஆடினர். ராபர்ட்டோ எஸ்லாவா பின்களத்திலும், நவ்ஸெத் சந்தானா கோல்கீப்பராகவும் இருந்தனர். இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், ரெகின் மைக்கேல் முதலிய தமிழ்நாட்டு வீரர்களும் ஆடினர். பெரும்பணம் கொட்டி நட்சத்திரங்களை வாங்காமல், பந்தைத் தரையோடு கடத்தி ஆடும் முறைக்கு ஏற்றவர்களைப் பொறுக்கி எடுத்ததே இந்த அணியின் சிறப்பு.

அந்தப் பருவத்தின் தொடக்க ஆட்டம் 2018 அக்டோபர் 26 அன்று கோவையில் நடந்தது. இந்தியன் ஆரோஸ் அணியைச் சென்னை சிட்டி 4–1 என வென்றது. மான்சி ஹாட்ரிக் அடித்தார். தொடர்ந்து நவம்பரில் கொல்கத்தாவுக்குச் சென்று ஈஸ்ட் பெங்காலை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தது.

2019 மார்ச் 9

பதினொரு அணிகள், அணிக்கு 20 ஆட்டங்கள் என்பது அந்த ஆண்டின் முறை. கடைசி நாளில் சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகளும் ஈஸ்ட் பெங்காலிடம் 39 புள்ளிகளும் இருந்தன. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்பது புள்ளிக் கணக்கு. சென்னை சிட்டி வென்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அது சமன் செய்து, ஈஸ்ட் பெங்கால் வென்றால், கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். முறைகேட்டுக்கு இடமளிக்காமல் இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவையும், சென்னை சிட்டி கோவையில் நடப்பு வெற்றியாளரான மினர்வா பஞ்சாபையும் எதிர்கொண்டன.

கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்தது. முதல் பாதி முழுவதும் சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். சமநிலை போதாது என்ற நிலையில், தற்காப்பு வீரரான கௌரவ் போரா அடுத்த கோலை அடித்தார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவரே மற்றொன்றையும் அடித்தார். முடிவு 3–1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் இறுதிக் கட்டத்தில் மீண்டு 2–1 என வென்றிருந்தது. அதாவது கோவையில் அந்த இரண்டாவது கோல் விழாமல் இருந்திருந்தால் பட்டம் கைமாறியிருக்கும். சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வேறுபாடு. மான்சி பருவம் முழுவதும் 21 கோல்கள் அடித்து, சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அதே ஆண்டு மே மாதத்தில் மதுரையின் சேது எஃப்.சி. அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. இவ்வாறு 2019-இல் ஆடவர் ஐ-லீக், மகளிர் லீக் இரண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கால்பந்தின் வரலாற்றில் இது தனித்து நிற்கும் ஆண்டு.

வெற்றிக்குப் பின்

வெற்றி பெற்ற காலத்திலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியிருந்தது. ஐரோப்பியக் கழகம் ஒன்று தமிழ்நாட்டு அணியில் முதலிட்டது பெரிதாகப் பேசப்பட்டது. பல ஐ-லீக் அணிகள் புறக்கணித்த 2019 சூப்பர் கோப்பையில் சென்னை சிட்டி பங்கேற்று, காலிறுதியில் பெங்களூரு எஃப்.சி.யை வென்றது, அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் தோற்றது.

ஆனால் இந்தியக் கால்பந்தின் அமைப்பு அப்போது குழப்பத்தில் இருந்தது. ஐ-லீக்கை வெல்பவர் இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்த்தப்படும் விதி அன்று இல்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஏற்ற திட்டத்தின்படி, இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதன்மைத் தொடராகியது. களத்தில் வென்று மேலேறும் வழி 2022–23 பருவத்திலிருந்தே திறக்கும் என்று முடிவாயிற்று. நான்கு ஆண்டுகள் முன்னதாக வென்றுவிட்டதே சென்னை சிட்டியின் துரதிர்ஷ்டம்.

ஆசியப் போட்டிகளில் ஆடும் உரிமை மட்டும் கிடைத்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்றது. பின்னர் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் மார்ச் 11 அன்று 2–2 எனச் சமன் செய்தது. சென்னை சிட்டியின் தாயக ஆட்டமாகக் கணக்கிடப்பட்ட அப்போட்டி கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. அணிக்கு ஆசிய மேடை கிடைத்தது. அணியை வளர்த்த அரங்கத்துக்கு அது கிடைக்கவில்லை. சில நாட்களில் கொரோனா பெருந்தொற்றால் எல்லாம் நின்றுபோயிற்று. அந்த ஆண்டின் ஏ.எஃப்.சி. கோப்பையே கைவிடப்பட்டது.

வீரர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்தனர். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா அணிக்குச் சென்றார். கோர்டில்லோ ஹைதராபாத் அணிக்கும், வான்ஸ்பால் சென்னையின் அணிக்கும், ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கும் மாறினர். 2020–21 ஐ-லீக் முழுவதும் பார்வையாளரின்றி மேற்கு வங்கத்தில் நடத்தப்பட்டதால் கோவைக்கு ஆட்டமே வரவில்லை. அடுத்த பருவத்துக்கான கழக உரிம நிபந்தனைகள் நிறைவேறாததால் 2021–22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இடம்பெறவில்லை.

அந்த மார்ச் 9 அன்று கோவையில் தோற்ற மினர்வா பஞ்சாபின் கதை வேறு விதமாகச் சென்றது. உரிமை கைமாறி, பெயரும் மாறி, 2022–23 ஐ-லீக்கை அவ்வணி வென்றது. களத்தில் வென்று இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்த முதல் அணி அதுவே. ஈஸ்ட் பெங்காலும் 2020-இல் அத்தொடரில் சேர்ந்துவிட்டது. அன்றைய கடைசி நாளில் பட்டத்தோடு தொடர்புடைய மூன்று அணிகளுள் வென்றது மட்டுமே மறைந்தது.

அணி ஏன் நிலைக்கவில்லை

இதற்குப் பெருந்தொற்றை மட்டும் காரணமாகக் கூற முடியாது. அதே பெருந்தொற்றைக் கடந்துவந்த கழகங்கள் பல. மூன்று காரணங்களைச் சிந்திக்கலாம்.

முதலாவது, வருவாய். கால்பந்துக் கழகத்துக்கு நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர், வீரர் மாற்றக் கட்டணம் ஆகிய நான்கு வழிகளில் பணம் வரும். ஐ-லீக் கழகங்களுக்கு முதல் இரண்டும் மிகக் குறைவு. ஆகவே உரிமையாளரின் சொந்தப் பணமே அணியை நடத்துகிறது. அது நின்றால் அணியும் நிற்கும்.

இரண்டாவது, உரிமை. அரங்கம் மாநகராட்சியுடையது, அதாவது மக்களுடையது. அணியோ தனியாருடையது. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவும் உறுப்பினர்களின் சொத்து. இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகம் 2003-இல் மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. ஆனால் அந்த முடிவு அறிவிக்கப்பட்ட 2002-ஆம் ஆண்டிலேயே ரசிகர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கிவிட்டனர். கடைநிலையிலிருந்து ஆடி, படிப்படியாகத் தொழில்முறை லீக்குக்கும் ஏறினர். ஊர் மக்களின் பிடிப்பு இருந்தால், உரிமையாளர் போனாலும் அணி போகாது. சென்னையின் பெயரைத் தாங்கிக் கோவையில் ஆடிய அணிக்கு அத்தகைய வேர் பிடிக்க நான்கு ஆண்டுகள் போதவில்லை.

மூன்றாவது, அடித்தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லங்காஷயரில் ஊருக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு மைதானம், வாரம்தோறும் ஆட்டம் என்ற பழக்கம் முதலில் வந்தது. பெரிய அரங்கங்கள் பிறகே எழுந்தன. இங்கு வரிசை தலைகீழானது. அரங்கம் முதலில் வந்தது. தேசியப் போட்டிகள் வந்து சென்றன. கழகம் ஏறத்தாழ 46 ஆண்டுகள் கழித்து வெளியூரிலிருந்து வந்தது. ஆலைகளில் மான்செஸ்டரை ஒத்திருந்தும் கழகங்களில் கோவை அதை ஒக்காமல் போனது இதனால்தான்.

கொங்குச் சிற்றூர்களும் அரங்கமும்

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் கால்பந்தில் முன்னேறும் வழி குறுமையப் போட்டியில் தொடங்குகிறது. அதில் வெல்லும் பள்ளி அணி மாவட்டப் போட்டிக்கும், அங்கிருந்து மாநிலப் போட்டிக்கும் செல்லும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் மாவட்ட, மாநில நிலைகளில் நடக்கின்றன. வெள்ளகோவில் போன்ற விசைத்தறியும் எண்ணெய் ஆலையும் நிறைந்த ஊரில் பதினேழு, பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் இந்தப் படிக்கட்டு நின்றுவிடுகிறது. அடுத்த படியாக வாரந்தோறும் ஆடும் உள்ளூர் லீக் இல்லையெனில், பந்தை நன்றாக உதைத்த கால் தறியை மிதிக்கப் போய்விடும். பின்னலாடைத் தொழில் உலகெங்கும் விளையாட்டு ஆடைகளை அனுப்பும் வட்டாரத்தில், அந்த ஆடையை அணிந்து ஆடுவதற்கான களம் குறைவாக இருப்பது முரணானது.

இங்குதான் பொது அரங்கத்தின் பயன் தெரிகிறது. தனியார் அணி வரலாம், போகலாம். மாநகராட்சி அரங்கம் எந்த அணியையும் சார்ந்தது அன்று. ஃபெடரேஷன் கோப்பை வந்த 1978-இலும், கேரளம் கொண்டாடிய 1992-இலும், மான்சியின் கோல்களைக் கண்ட 2019-இலும் அதே புல்தரைதான் இருந்தது. பெரிய ஆட்டங்கள் இல்லாத காலங்களிலும் காலை நடையும் தடகளப் பயிற்சியும் மாணவர் போட்டிகளும் அங்கு நடக்கின்றன. கோப்பை வென்ற அணியின் பெயர் பட்டியல்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அப்பட்டியலில் 2018–19 என்ற வரிக்கு எதிரே கோயம்புத்தூரின் பெயரும் நிலையாக இடம்பெற்றுள்ளது. அடுத்து அங்கு வரும் அணி கொங்கு வட்டாரத்தின் சொந்த லீக்குகளிலிருந்து எழுந்ததாக இருந்தால், அந்த அரங்கத்துடன் சேர்ந்து அணியும் நிலைப்பதற்கு வாய்ப்பு உண்டு.